வங்கியை எதிர்த்து வீதியில் நின்றால் ஏதாவது மாறுமா?

2011ஆம் ஆண்டு அக்டோபர் 15, சனிக்கிழமை. நியூயார்க்கின் நிதி மையமான வால் ஸ்திரீட் வட்டாரத்தில், பெரிய வங்கிகளின் ஆதிக்கத்தை எதிர்த்து ஒரு மாதத்துக்கு முன் தொடங்கிய 'ஆக்கிரமிப்பு' (Occupy) இயக்கத்துக்கு ஆதரவாக அன்று உலகின் பல நூறு நகரங்களில் மக்கள் கூடினார்கள். சிங்கப்பூரிலும் வங்கிகள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேசில் கூடுவோம் என்று இணையத்தில் ஓர் அழைப்பு உலவியது. அனுமதியில்லாமல் கூடுவது குற்றம் என்று காவல்துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. குறித்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் செய்தியாளர்கள், காவலர்கள், என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்த சிலர். போராட வந்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இதைச் சிங்கப்பூரர்களின் அச்சத்துக்கும் அக்கறையின்மைக்கும் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அது பாதி விளக்கமாகத்தான் படுகிறது. ஏனென்றால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2008 அக்டோபரில், ராஃபிள்ஸ் பிளேசிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கும் ஹோங் லிம் பூங்காவில், நிதி நிறுவனங்கள் விற்ற பத்திரங்களை நம்பிப் பணத்தை இழந்த நூற்றுக்கணக்கானோர் சனிக்கிழமைகளில் கூடினார்கள். அவர்களில் பலர் அதுவரை எந்தப் பொதுக்கூட்டத்துக்கும் போயிராத ஓய்வுபெற்றவர்கள். அதே ஊர், அதே மக்கள், கோபமும் ஏறக்குறைய அதே கோபம்தான். ஆனால் ஒரு கூட்டத்துக்கு ஆள் சேர்ந்தது, மற்றதற்குச் சேரவில்லை. அமைதியான வீதிப் போராட்டத்தால் பெருநிதியை அசைக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடுபவர் இந்த இரண்டு சனிக்கிழமைகளிலிருந்து தொடங்கலாம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின்படி, ஒரு கொள்கையையோ கோரிக்கையையோ முன்வைத்துப் பொது இடத்தில் நடத்தும் கூட்டத்துக்கோ ஊர்வலத்துக்கோ காவல்துறையின் அனுமதி வேண்டும். தனி ஒருவர் பதாகையோடு நின்றாலும் அது கூட்டமாகவே கருதப்படும். இதற்கு விலக்கான இடம் ஹோங் லிம் பூங்காவில் 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட பேச்சாளர் முனை. தொடக்கத்தில் அங்கே பேச மட்டுமே முடிந்தது. 2008 செப்டம்பர் 1 முதல், தேசியப் பூங்காக் கழகத்திடம் பதிவு செய்துகொண்டு சிங்கப்பூரர்கள் அங்கே ஆர்ப்பாட்டமும் நடத்தலாம் என்று விதி தளர்ந்தது. அடுத்த இரண்டே வாரத்தில், செப்டம்பர் 15 அன்று, லீமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது. ஆர்ப்பாட்டம் செய்ய ஓர் இடமும் அதற்கான காரணமும் இப்படி ஒரே மாதத்தில் வந்து சேரும் என்று விதியைத் தளர்த்தியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி 'பெருநிதி' என்பதற்கு வருவோம். பெரிய வங்கிகள், முதலீட்டு வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், நிதி மேலாண்மை நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்த ஒரு பின்னல் அது. அதை எதிர்த்துப் போராடுவது ஏன் கடினம் என்பதற்கு, அதே ராஃபிள்ஸ் பிளேசுக்குப் பக்கத்தில் இருக்கும் மார்க்கெட் ஸ்திரீட்டை நினைத்துப் பார்த்தால் போதும். ஒரு காலத்தில் அங்கே நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டியடியும் கணக்கேடுமாகத் தரையில் அமர்ந்து செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். வட்டி அதிகம் என்று தோன்றினால் அதைக் கேட்க வேண்டிய ஆள் எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கிட்டங்கியில் நியாயம் கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. யாரிடம் போய் முறையிடுவது என்பதில் அங்கே குழப்பம் இருக்கவில்லை.

2008இல் சிங்கப்பூரில் விற்கப்பட்டிருந்த 'மினிபாண்ட்' முதலிய பத்திரங்களை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரில் 'பாண்ட்' இருந்தாலும் அது வழக்கமான கடன்பத்திரம் அன்று. பத்திரத்தை வெளியிட்டது கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனம். ஏற்பாடு செய்தது லீமன் குழுமம். முதலீட்டாளர்கள் சார்பில் சொத்தைக் காக்கும் பொறுப்பாண்மை இன்னொரு நிறுவனத்திடம். முகப்பில் அமர்ந்து விற்றவர்கள் இங்குள்ள வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பங்குத் தரகு நிறுவனங்களும். முதலீட்டாளருக்குக் கிடைத்த ஏறக்குறைய 5 விழுக்காடு வட்டியில் ஒரு பகுதி, உண்மையில், சில பெரிய நிறுவனங்கள் நொடித்துப்போகாது என்று அவர் தம்மை அறியாமலேயே கொடுத்த உத்தரவாதத்துக்கான கூலி. அந்தப் பட்டியலில் உள்ள ஒரு நிறுவனம் விழுந்தாலும் போட்ட பணம் பறிபோகும். சில பத்திரங்களில் லீமனே அந்தப் பட்டியலில் இருந்தது. மினிபாண்டில் அது அந்த உத்தரவாத ஒப்பந்தத்தின் மறுமுனையில் நின்றது. எப்படியானாலும் லீமன் விழுந்தபோது பத்திரமும் சேர்ந்து விழுந்தது. சிங்கப்பூரில் ஏறக்குறைய 10,000 பேர் இப்படிப்பட்ட பத்திரங்களில் 50 கோடி வெள்ளிக்கும் மேல் போட்டிருந்தார்கள்.

பணத்தை இழந்தவர் இப்போது யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? கேமன் தீவிலா, நியூயார்க்கிலா, பொறுப்பாண்மை நிறுவனத்திலா, பத்திரத்தை விற்ற கிளையிலா? பெருநிதியை எதிர்க்கும் எந்தப் போராட்டமும் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். கோரிக்கைக்கு முகவரி வேண்டும். 'ஆகட்டும்' என்று சொல்லிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவரை அது போய்ச் சேர வேண்டும்.

ஹோங் லிம் கூட்டத்துக்கு நான் போனது என் பணத்துக்காக அல்ல. எங்கள் புளோக்கில் மூன்றாம் மாடியில் குடியிருந்த அண்ணன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் 40,000 வெள்ளியை இப்படியொரு பத்திரத்தில் போட்டிருந்தார். நிரந்தர வைப்பைப் புதுப்பிக்கப் போனவரை, அதைவிடக் கூடுதல் வட்டி தரும் ஒன்று இருக்கிறது என்று உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை, கிளார்க் கீ எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது, மடியாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவைத்த காகிதங்களை அவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். புல்தரையில் பலரும் அதேபோல் ஓர் உறையைப் பிடித்திருந்தார்கள். கோஷம் எதுவும் இல்லை. என்டியுசி இன்கம் காப்புறுதி நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாகப் பல்லாண்டு இருந்து 2007இல் விலகிய டான் கின் லியான் முன்னால் நின்று, புகாரை எப்படி எழுதுவது, என்னென்ன ஆவணங்களை இணைப்பது, வங்கிகளைக் கண்காணிக்கும் நாணய ஆணையத்துக்கு அனுப்பும் மனுவில் என்ன கேட்பது என்று ஏறக்குறைய வகுப்பெடுப்பதுபோல் விளக்கினார். ஆங்கிலத்திலும் சீனத்திலும் சொல்லப்பட்டதை நான் அண்ணனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இது சண்டை போடுற கூட்டமா, பாரம் நிரப்புற கூட்டமா?" என்று அவர் பாதியில் கேட்டார். அன்று சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, அந்தக் கூட்டத்தின் பலமே அவர் கேள்வியில்தான் இருந்தது என்று தோன்றியது. முதலாளித்துவத்தைப் பற்றி யாரும் அங்கே பேசவில்லை. எங்களுக்கு விற்ற முறை தவறு, அதை விசாரியுங்கள், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்பதுதான் பேச்சு. பெறுநர்: சிங்கப்பூர் நாணய ஆணையம், ஷென்டன் வே.

விளைவு என்ன? புகார்களைக் கையாளும் முறையை மேற்பார்வையிடச் சுயேச்சையான ஆள்களை நியமிக்கும்படி ஆணையம் நிறுவனங்களுக்குச் சொன்னது. 2009 ஜூலையில் தன் விசாரணையின் முடிவுகளை வெளியிட்டு, 10 நிதி நிறுவனங்கள் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை இத்தகைய பத்திரங்களை விற்கக் கூடாது என்று தடை விதித்தது. வயதிலும் கல்வியிலும் எளிய நிலையில் இருந்த முதலீட்டாளர்கள் பலருக்கு, ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியே பார்த்து, முழுத்தொகையோ ஒரு பகுதியோ கிடைத்தது. ஒன்றுமே கிடைக்காதவர்களும் இருந்தார்கள். ஒரு பத்திரத்தின் முதலீட்டாளர்கள் 200க்கும் மேற்பட்டோர் சேர்ந்து தொடுத்த வழக்கு, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் நீதிமன்றத்தின் பார்வை. ஆக, நீதிமன்றத்தில் கிடைக்காத ஏதோ ஒன்று பூங்கா வழியாகச் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. பூங்கா மட்டுமே அதைப் பெற்றுத் தந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்; நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன, நாளிதழ்கள் தொடர்ந்து எழுதின, ஆணையத்துக்கும் தன் நற்பெயரைப் பற்றிய கவலை இருந்தது. ஆனால் தனித்தனியே கிளை மேலாளரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவர்கள் ஒரே இடத்தில் கூடியதால்தான், இது பத்துப் பேரின் துரதிர்ஷ்டம் அன்று, விற்பனை முறையிலேயே உள்ள கோளாறு என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. தனிப்பட்ட அவமானமாக மறைத்துவைத்த இழப்பைப் பொதுப் பிரச்சினையாக மாற்றுவது, வீதிப் போராட்டம் செய்யும் வேலைகளிலேயே முதன்மையானது என்பேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஹாங்காங் இருக்கிறது. அங்கும் அதே லீமன் மினிபாண்ட், பல மடங்கு அதிகமான முதலீட்டாளர்கள். அவர்கள் பூங்காவில் நிற்கவில்லை. பத்திரங்களை விற்ற வங்கிக் கிளைகளின் வாசலிலேயே பதாகையும் மேளமுமாகத் திரும்பத் திரும்ப நின்றார்கள். சட்டமன்றம் விசாரணை அதிகாரம் பெற்ற ஒரு குழுவை அமைத்தது. 2009 ஜூலையில் 16 வங்கிகள் கட்டுப்பாட்டு அமைப்புகளோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: தகுதியுள்ள வாடிக்கையாளர்களில் 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதலில் 60 விழுக்காடு, அந்த வயதை எட்டியவர்களுக்கு 70 விழுக்காடு கொடுத்துப் பத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஒவ்வொரு கதையாகப் பிரித்துப் பார்க்காமல் எல்லாருக்கும் பொதுவான ஒரு தீர்வு என்ற வகையில் அது சிங்கப்பூரில் கிடைத்ததைவிடப் பெரிது. வங்கி வாசலில் எழுந்த சத்தத்துக்கு அதில் பங்கு இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனாலும் சத்தம் மட்டும் இருந்து, வங்கிகளை மேசைக்கு இழுக்கும் சட்ட அதிகாரம் கட்டுப்பாட்டு அமைப்புகளிடம் இல்லாமல் போயிருந்தால், அந்த 60 விழுக்காடு வந்திருக்காது.

இப்போது நியூயார்க்குக்குப் போகலாம். 2011 செப்டம்பர் 17 அன்று வால் ஸ்திரீட்டுக்கு அருகே உள்ள ஜுக்கோட்டி பூங்காவில் கூடியவர்கள் அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அந்த இடத்தைத் தேர்ந்ததில் ஒரு சூட்சுமம் இருந்தது. நகராட்சிப் பூங்காக்களை இரவில் மூடிவிடுவார்கள். ஜுக்கோட்டியோ தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமானது, நகரத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி இரவும் பகலும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டியது. ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும் என்பதால், ஒருவர் சொன்ன வாக்கியத்தைச் சுற்றியிருந்தவர்கள் சேர்ந்து உரக்கத் திருப்பிச் சொல்ல, அது பின்வரிசைகளுக்கு அலையலையாகப் போய்ச் சேர்ந்தது. நம் ஊர்த் திருவிழாக்களில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 'நாங்கள் 99 விழுக்காடு' என்ற முழக்கம் உலகமெங்கும் பரவியது. நவம்பர் 15 அதிகாலையில் காவல்துறை கூடாரங்களை அகற்றியது. இரண்டு மாதங்கூட முழுதாக நிறைவடையவில்லை.

அந்த இயக்கம் திட்டவட்டமான கோரிக்கை எதையும் வைக்க மறுத்தது. கோரிக்கை வைத்தால் இப்போதுள்ள அமைப்பை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று அதில் பலர் நினைத்தார்கள். அந்த வாதத்தில் நேர்மை உண்டு, ஆனால் விலையும் உண்டு. யாருக்கும் அனுப்பப்படாத கடிதத்துக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. 2008ஐவிட இன்று ஜேபி மோர்கன் சேஸ் இன்னும் பெரிய வங்கி. நிதிப் பரிவர்த்தனைகள்மீது சிறு வரி விதிக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஓங்கி ஒலித்த யோசனையை 2013இல் ஐரோப்பாவின் 11 நாடுகள் சேர்ந்து நிறைவேற்ற முனைந்தும் அந்தக் கூட்டு வரி நடைமுறைக்கு வரவில்லை. கூடாரங்கள் குறிவைத்த பெரிய இலக்குகளை மட்டும் வைத்து அளந்தால் கணக்கு ஏறக்குறைய பூச்சியம்.

ஆனால் கூடாரங்களைச் சுற்றி முளைத்த சின்னச் சின்னச் செயல்களைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. அதே 2011 செப்டம்பர் இறுதியில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, பற்று அட்டையால் பொருள் வாங்கும் வாடிக்கையாளர்களிடம் மாதம் 5 டாலர் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. ஓர் இளம்பெண் தொடங்கிய இணைய மனுவில் 3 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். நவம்பர் 5 அன்று பெரிய வங்கிகளிலிருந்து கணக்கை மாற்றுவோம் என்று ஓர் அழைப்பும் பரவியது. நவம்பர் 1 அன்று வங்கி கட்டணத்தைக் கைவிட்டது. கேட்டது ஒன்று, கேட்கப்பட்டவர் ஒருவர், மறுத்தால் என்ன ஆகும் என்பதும் தெளிவு.

எனக்கு இதைவிடப் பிடித்த கதை வேறொன்று. 2010இல் அமெரிக்காவில் நிறைவேறிய நிதிச் சீர்திருத்தச் சட்டத்தில் 'வோல்க்கர் விதி' என்று ஒரு பிரிவு இருந்தது: மக்களின் வைப்புத்தொகையை வைத்திருக்கும் வங்கி, தன் சொந்த லாபத்துக்காகச் சந்தையில் சூதாடக் கூடாது என்பது அதன் சாரம். அதன் நுணுக்கங்களை எழுதும்போது பொதுமக்களின் கருத்துக் கேட்கப்பட்டது. இத்தகைய கருத்துக்கேட்பில் பெரும்பாலும் வங்கிகளின் வழக்கறிஞர்கள்தாம் எழுதுவார்கள். இம்முறை ஆக்கிரமிப்பு இயக்கத்திலிருந்து கிளைத்த ஒரு சிறு குழு, நிதித்துறையில் வேலை செய்தவர்களும் சட்டம் படித்தவர்களுமாகச் சேர்ந்து, 2012 பிப்ரவரியில் 325 பக்கத்தில் பிரிவு பிரிவாகத் தன் கருத்தை எழுதி அனுப்பியது. அதிகாரிகள் அதைப் படித்தார்கள் என்பது 2013 டிசம்பரில் வெளியான இறுதி விதியின் விளக்கக் குறிப்புகளில் அது எடுத்தாளப்பட்டிருப்பதிலிருந்து தெரிகிறது. கூடாரம் இல்லாமல் அந்தக் குழு உருவாகியிருக்காது. கூடாரத்தோடு நின்றிருந்தால் அந்த 325 பக்கம் எழுதப்பட்டிருக்காது.

அதேபோல், கடனை எதிர்த்து அந்தக் கூடாரங்களில் தொடங்கிய பேச்சு, கடனாளிகளின் அமைப்பு ஒன்றாக வளர்ந்தது. கோரிந்தியன் காலேஜஸ் என்ற லாப நோக்குக் கல்வி நிறுவனத்தில் ஏமாந்த மாணவர்களில் சிலர் 2015இல் கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்த மறுத்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் வெறும் பதினைந்து பேர். 2022 ஜூனில் அமெரிக்கக் கல்வி அமைச்சு அங்கே படித்த 560,000 பேரின் 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. பூங்காவில் கூடாரம் போட்ட நாளிலிருந்து எண்ணினால் பத்து ஆண்டுகளுக்கும் மேல். வீதிப் போராட்டத்தின் பலனை ஓராண்டுக்குள் அளந்து தோல்வி என்று எழுதிவிடுபவர்கள் இந்தக் கால இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு போராட்டம் பெருநிதியின் பின்னால் நின்ற அரசையே வீழ்த்திய நாடும் உண்டு. 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் சில நாள்களுக்குள் சரிந்தன. அதே மாதம் முதல் தலைநகர் ரெய்க்யவிக்கில் நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் மக்கள் சனிக்கிழமைதோறும் கூடினார்கள். நம் அண்ணன் ஹோங் லிம் புல்தரையில் உறையோடு நின்ற அதே வாரங்கள். 2009 ஜனவரியில் வீட்டுப் பானை, சட்டி, கரண்டியோடு வந்து, நாடாளுமன்றம் கூடியிருந்த நேரம் முழுதும் தட்டினார்கள். ஓரிரு இரவுகள் கைகலப்பில் முடிந்தாலும் மொத்தத்தில் அது அமைதியான போராட்டம். அந்த மாத இறுதிக்குள் அரசாங்கம் விலகியது. பிப்ரவரியில் மத்திய வங்கியின் தலைமை மாறியது. பின்னாளில் சிறப்பு வழக்குத்தொடுநர் ஒருவரின் விசாரணையால் வங்கித் தலைவர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள். சுமார் 320,000 பேர் வாழும் நாட்டில் ஒரு சில ஆயிரம் பேர் கூடினாலே அது பெருங்கூட்டம். பாத்திரச் சத்தம் உறுப்பினர்களின் காதில் நேரடியாக விழும். இவ்வளவுக்கும் பிறகு, விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வீட்டுக்கடன்கள் ஐஸ்லாந்தில் தொடர்ந்தன. ஆட்சியை மாற்றிய பானைச் சத்தத்தால் கடன் ஒப்பந்தத்தின் வாக்கியத்தை மாற்ற முடியவில்லை.

அமைதியான போராட்டங்களின் வெற்றி விகிதம் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் ஆகிய இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை ஆராய்ந்து, அகிம்சை வழியில் நடந்தவற்றில் 53 விழுக்காடும் ஆயுதம் ஏந்தியவற்றில் 26 விழுக்காடும் வெற்றி பெற்றதாகக் கண்டார்கள். மக்கள்தொகையில் 3.5 விழுக்காட்டினர் தீவிரமாக ஈடுபட்டால் ஆட்சி தாக்குப்பிடிக்காது என்ற பேச்சும் அங்கிருந்து வந்ததே. ஆனால் அவர்கள் ஆராய்ந்தவை ஆட்சியாளரை அகற்றவும் அந்நியரை வெளியேற்றவும் நடந்த இயக்கங்கள். அந்த எண்ணை எடுத்து வங்கிகளுக்குப் பொருத்துவது, காய்ச்சல் மாத்திரையின் அளவைக் கால்முறிவுக்குச் சொல்வது போன்றது. கொடுங்கோலன் காவலரையும் எழுத்தரையும் நம்பி இருக்கிறான். அவர்கள் பணிய மறுத்தால் விழுகிறான். வங்கி நம்பி இருப்பதோ வைப்பாளரை, பங்குதாரரை, உரிமம் வழங்கும் அரசை. சதுக்கத்தில் நிற்பவர்கள் இந்த மூவரில் எவராகவும் இல்லாவிட்டால், வங்கி சன்னலை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கும்.

நம்மவர்களுக்குத் தெரிந்த உப்புச் சத்தியாகிரகத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1930இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் எதிர்த்த சட்டத்தைத் தங்கள் கையாலேயே மீற முடிந்தது. குனிந்து ஒரு பிடி உப்பை அள்ளினால் போதும். அப்படியிருந்தும் உப்பு வரி 1947 வரை நீங்கவில்லை. நிதிப் பத்திரங்களை எதிர்ப்பவருக்கு அப்படி அள்ள எதுவும் இல்லை என்பதுதான் பெரிய குறை. அதற்கு மிக அருகில் வருவது கணக்கை மூடுவது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் பெரிய அளவில் தொழில் செய்த பார்க்லேஸ் வங்கியில் கணக்குத் தொடங்காதீர்கள் என்று பிரிட்டிஷ் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் பல்கலைக்கழக வாசல்களில் துண்டறிக்கை கொடுத்தார்கள். இன்றைய மாணவர்தான் நாளைய சம்பளக்காரர் என்று வங்கிக்குத் தெரியும். 1986 நவம்பரில் பார்க்லேஸ் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. வணிகக் காரணங்களையே அது பெரிதும் சொன்னது. வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்பதும் வணிகக் காரணம்தானே.

போராட்டம் ஏன் அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. வங்கித் தொழில் நம்பிக்கையின்மேல் ஓடுவது. மரியாதையான முதியவர்கள் காகிதங்கள் அடங்கிய உறையோடு வாசலில் நிற்கும் படம் அந்த நம்பிக்கையை அரிக்கும். உடைந்த கண்ணாடியின் படம் வங்கிக்கே அனுதாபத்தைத் தேடித் தரும்.

சிங்கப்பூருக்குத் திரும்பினால், இங்கே வீதியைவிட மற்ற வழிகள் முந்திக்கொள்வதையும் பார்க்கலாம். 2019இன் முற்பகுதியில் டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி ஆகிய மூன்று வங்கிகளும் புதிய நிலக்கரி மின்நிலையங்களுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தன. பருவநிலை மாற்றம் குறித்து ஹோங் லிம் பூங்காவில் முதல்முறையாகப் பெருங்கூட்டம் கூடியது அதே ஆண்டு செப்டம்பரில்தான். அதாவது கூட்டம் வருவதற்கு முன்பே வங்கிகள் நகர்ந்துவிட்டன. சுற்றுச்சூழல் அமைப்புகள் வங்கிகளின் கடன் பட்டியலை வெளியிட்டதும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கேள்வி கேட்டதும், நிலக்கரியின் எதிர்காலமே மங்கியதும் சேர்ந்து செய்த வேலை அது. வேறு நாடுகளில் இளையர்கள் வெள்ளிக்கிழமைதோறும் வீதியில் நின்றது அந்த முதலீட்டாளர்களின் கேள்விக்குப் பின்னணியாக இருந்திருக்கலாம். எவ்வளவு என்று அளக்க வழியில்லை.

அப்படியானால் 2011இல் ராஃபிள்ஸ் பிளேசுக்கு ஏன் ஒருவரும் வரவில்லை? சட்டம் ஒரு காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் சட்டத்துக்கு உட்பட்டு ஹோங் லிம் பூங்காவிலேயே கூட்டியிருந்தாலும் அன்று அங்கே வந்தவர் எதைக் கேட்டிருப்பார், யாரிடம் கேட்டிருப்பார்? உலகப் பெருநிதி என்பது நியாயமான கோபத்துக்கு உரிய பொருள்தான். ஆனால் அதற்கு ராஃபிள்ஸ் பிளேசில் அஞ்சல் பெட்டி கிடையாது. 2008இல் வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் உறை இருந்தது.

அண்ணனுக்கு அடுத்த ஆண்டு ஒரு கடிதம் வந்தது. போட்டதில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகையைத் தர முன்வந்திருந்தார்கள். மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் வைப்பதில்லை என்று கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். இரண்டு வாரம் முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 2012இல் சிங்கப்பூரில் புதிய விதி வந்தது: சிக்கலான முதலீட்டுப் பொருள் எதையும் விற்கும் முன், வாங்குபவருக்கு அதைப் பற்றிய படிப்போ அனுபவமோ உண்டா என்று மதிப்பிட வேண்டும். அந்த ஆண்டு அவர் முதலீட்டோடு சேர்ந்த ஒரு காப்புறுதித் திட்டத்தைப் பற்றிக் கேட்க வேறொரு வங்கிக்குப் போனபோது துணைக்கு நானும் போயிருந்தேன். முகப்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டி, நிதி தொடர்பாக ஏதும் படித்திருக்கிறாரா, கடந்த சில ஆண்டுகளில் இப்படிப்பட்ட ஒன்றை வாங்கியிருக்கிறாரா, இத்துறையில் வேலை பார்த்திருக்கிறாரா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "அங்கிள், உங்க பதிலைப் பார்த்தா இதை நீங்களா முடிவு பண்ணி வாங்க முடியாது. ஆலோசகர் உட்கார்ந்து விளக்கணும்" என்றார்.

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்ததும், "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க, பாத்தியா தம்பி" என்றார். ஆனாலும் அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கியிருந்தார். வீட்டுக்கு வந்து, பழைய பிளாஸ்டிக் உறையைத் தேடி எடுத்து, மற்றக் காகிதங்களோடு அதையும் சேர்த்து வைத்தார்.